கடிகாரக் கடையின் கட்டைவிரல்

மார்ச் 3, செவ்வாய்

பல் விளக்கிக்கொண்டிருந்த என் முகத்துக்கு நேராக நான்கு தாள்களை நீட்டினாள் அக்கா மகள். "மாமா, படிச்சுப் பாருங்க. தப்பு இருந்தா சொல்லுங்க."

தப்பு இருந்தாலா? முதல் தப்பு, நான்கு பக்கத்திலும் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

கைரேகைப் பிரிவுக்கு நூறு வயதாம். கண்காட்சி வைக்கிறார்களாம். சுவரில் மாட்டுவதற்கு ரேகையின் வரலாற்றை எழுதும் பொறுப்பை இவளிடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்ற போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவள். அதே பிரிவில் முப்பத்தொரு வருடம் மை உருட்டி, ஒரு லட்சம் பேரின் விரலைப் பிடித்தவன் இந்த வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் என்பதால் என்னிடம் திருத்தத்துக்கு மட்டும் வருகிறது.

படித்தேன். ரேகை வருவதற்கு முன்னால் எலும்பை அளந்தார்களாம். தலைச் சுற்றளவு, காது நீளம், நடுவிரல் நீளம் என்று தையற்காரன் மாதிரி அளந்து ஆளை அடையாளம் வைத்தார்களாம். அளக்கிறவன் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் திருடன் இளைத்துவிடுவான். இதற்கு விஞ்ஞானம் என்று பெயர்! ஒரு துரை, சாமான் சப்ளைக்காரன் பிற்பாடு பேச்சு மாறக்கூடாது என்று அவன் உள்ளங்கை முழுவதும் மை பூசி ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிய வைத்தாராம். ஆளைப் பயமுறுத்தத்தான். வரியைப் பற்றி அவருக்கு அப்போது என்ன தெரியும்? பிறகு சுழி, வளையம், வில் என்று விரல்களைப் பிரித்து, எண் போட்டு, அட்டைகளை அடுக்கும் கணக்கு வந்தது. மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் கீழே வேலை பார்த்த இரண்டு பேர். பெயர் மட்டும் மேலே உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு. இந்த இடத்தில் மட்டும் பென்சிலால் அடிக்கோடு போட்டேன். என் கதையேதான்.

ஒரு பத்தியை அடித்தேன். யாரோ ஒரு மருத்துவர், பழைய மண்பாண்டத்தில் குயவனின் விரல் பதிந்திருந்ததைப் பார்த்து ரேகை ஆராய்ச்சியில் இறங்கியவராம். ஒரு திருட்டில் சுவரில் இருந்த தடத்தை வைத்து, பிடிபட்டவன் திருடன் இல்லை என்று காட்டி அவனை வெளியே விட வைத்தாராம்.

"இதை எடுத்துடு. ரேகைன்னா பிடிக்கணும். விடுறதுக்கு எதுக்கு ரேகை? வாசக்கதவு போதுமே."

"மாமா, ரேகை செஞ்ச முதல் வேலைகள்ல ஒண்ணு, ஒருத்தரை விடுவிச்சதுதான்."

"பழகாத கை. அப்படித்தான் இருக்கும். அதுக்குப் பதிலா கடிகாரக் கடையைப் போடு."

"எந்தக் கடிகாரக் கடை?" என்று கேட்கவில்லை, புத்திசாலி. அந்தக் கதை அவள் தொட்டிலில் படுத்திருந்தபோதே கேட்டது.

மார்ச் 5, வியாழன்

வாசல் பூட்டு மறுபடியும் இறுகுகிறது. தோளால் இடித்தால்தான் கதவு திறக்கிறது. தெருமுனைப் பூட்டுக்காரரிடம் போனேன். அறுபது வயது, இரண்டு சாவியை மாட்டினால் தொங்கிப்போகும் உடம்பு, வாய் மட்டும் குறையவில்லை.

"வாங்க மைக்கூடு. இன்னிக்கு எத்தனை கொலைகாரனைப் பிடிச்சீங்க?"

"உன்னைத்தான் பாக்கி வச்சிருக்கேன்."

"நம்ம பத்து விரலும் உங்ககிட்டதானே இருக்கு. தேவைப்படறப்ப எடுத்துக்குங்க."

உண்மைதான். பூட்டு வேலை செய்கிறவர்கள் உரிமம் வாங்க விரல் பதிய வேண்டும் என்று இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு சட்டம் வந்தது. அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்து உருட்டியது நான். இவரும் நின்றார். அன்றைக்கே கேலிதான்.

சனிக்கிழமை வந்து பூட்டைப் பார்ப்பதாகச் சொன்னார்.

மார்ச் 7, சனி

வரவில்லை. தொழிலாளி என்றால் இப்படித்தான்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்குப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். பெருமைதான்.

பூட்டுக்காரர் சனிக்கிழமை வராததற்குக் காரணம், வெள்ளிக்கிழமையே போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பழைய அட்டைகளை ஏற்றிக்கொண்டே வந்த இயந்திரம், துப்புத் துலங்காத வழக்குகளோடு அவற்றை ஒப்பிட்டிருக்கிறது. கடிகாரக் கடை இரும்புப் பெட்டியின் கதவில் இருந்த ரேகையும், பூட்டுக்காரர் அட்டையின் இடது கட்டைவிரலும் ஒன்று. அச்சு அசல் ஒன்று!

இருபத்து நாலு வருடத்து வழக்கு. இரும்புப் பெட்டியில் ஒரு கீறல் இல்லாமல் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். தடுத்த காவலாளி தலையில் அடிபட்டு மூன்றாம் நாள் செத்துப்போனார். அந்தக் கதவில் ரேகை இருக்கிறது என்று முதலில் காட்டியது யார்? ரேகைத் தூள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நிபுணரோடு போன இந்த ஆள். "ஐயா, இங்க ஒரு விரல் இருக்கு" என்றேன். நிபுணர் கண்ணில் அது படவே இல்லை. சரி, பட்டிருக்கலாம். ஆனால் முதலில் சொன்னது நான்.

ஆக, சம்பவ இடத்தில் ரேகையைக் கண்டதும் நான். அட்டையில் உருட்டியதும் நான். நடுவில் இயந்திரம் என்ன செய்தது? இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்தது. அதற்குக் கோடிக்கணக்கில் செலவு.

பூட்டுக்காரர் மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம். அவ்வளவு சிரிக்கிறவன் நல்லவனாக இருக்க முடியாது.

மார்ச் 11, புதன்

பத்திரிகையில் வந்துவிட்டது. 'ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரின் பணியால்' என்று போட்டிருக்கிறான். ஒருவராம். அச்சு மை அவ்வளவு விலையா?

மார்ச் 13, வெள்ளி

பூட்டுக்காரர் மனைவி வந்தார். அக்கா உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை.

"அண்ணே, நீங்கதான் இதுல பெரிய ஆளுன்னு அவரே சொல்வாரு. அவரு அந்தக் கடைக்குள்ள காலே வச்சதில்லைன்னு சத்தியம் பண்றாரு. ரேகை தப்பாகுமா?"

பெரிய ஆள் என்று கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா? விளக்கினேன். தாயின் வயிற்றிலேயே பதிந்துவிடுவது, சாகிறவரை மாறாதது, இரட்டைப் பிள்ளைகளுக்கே ஒத்துப்போகாதது. "ஆள் பொய் சொல்வாங்கம்மா, விரல் சொல்லாது" என்றேன். நானே அசந்துபோகிற மாதிரி இருந்தது.

அந்த அம்மா திரும்பி நடந்தார். வாசலில் செருப்பு எது என்று தெரியாமல் அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அக்கா என்னை முறைத்தாள். செருப்புக்காக இருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

இப்போது பிரிவுக்குத் தலைவனாக இருக்கும் அதிகாரிக்கு நான் வைத்த பெயர் இஸ்திரி. சட்டை கசங்கிவிடும் என்று குனியவே மாட்டான். கண்காட்சியில் நுழைந்ததும் கடிகாரக் கடை ரேகையையும் பூட்டுக்காரர் ரேகையையும் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டப்போகிறானாம். திறப்பு விழாவில் எனக்கு மேடையில் நாற்காலி. மாதிரிப் படத்தை அக்கா மகள் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள்.

"மாமா, உங்க கண்ணால பாத்துச் சொல்லுங்க. நல்லா வந்திருக்கா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். நல்ல சுழி. நடுவில் கொஞ்சம் சாய்ந்த சுழி. கீழே வலது பக்கமாக ஒரு வெள்ளைக் கீறல், வரிகளை வெட்டிக்கொண்டு போய் நுனியில் கொக்கி மாதிரி வளைகிறது.

கொக்கி மாதிரி.

இரண்டு படத்திலும் இருக்கிறது.

"நல்லா வந்திருக்கு" என்றேன். கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். இடது கட்டைவிரல். திருடனோடு கட்டிப் புரண்டபோது அவன் கத்தி கிழித்தது என்று ஊருக்கெல்லாம் காட்டிய தழும்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மை டப்பா மூடி கிழித்தது. கொக்கி. அதே கொக்கி.

மார்ச் 18, புதன்

யாருக்கும் தெரியாது. தெரியப்போவதும் இல்லை. முதலில் அதை எழுதிவைக்கிறேன்.

நடந்தது இதுதான். பூட்டுக்காரர்கள் வரிசையில் நின்ற நாள். நூற்றுப் பத்துப் பேர் — சரி, நாற்பது பேர். உருட்டிக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். திருடன் எப்படி மாடியிலிருந்து குதித்தான் என்று கையை வீசிக் காட்டினேன். சட்டைக் கை, காயாத அட்டையில் இழுபட்டுவிட்டது. பூட்டுக்காரரின் இடது கட்டைவிரல் கட்டம் மட்டும் கரிச்சட்டி மாதிரி ஆகிவிட்டது. அவர் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் வரிசையே சிரிக்கும். அவர்தான் முதலில் சிரிப்பார்.

கெட்டுப்போன கட்டத்தின்மேல் ஒட்டி, விரலை மறுபடி பதிவதற்கென்று வெள்ளைத் துண்டுகள் எங்களிடம் உண்டு. ஒரு துண்டை ஒட்டினேன். என் விரலில் மை இருந்தது. உருட்டிவிட்டேன். அழகாக வந்தது, அதையும் சொல்லவேண்டும்.

ஒரு பூட்டுக்காரன் அட்டையை எவன் எடுத்துப் பார்க்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

கடிகாரக் கடை? நிபுணர் தூளைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, டப்பாவோடு எழுந்திருக்க இரும்புப் பெட்டிக் கதவில் கையை ஊன்றியிருக்கிறேன். பிறகு நானே காட்டியிருக்கிறேன். "ஐயா, இங்க ஒரு விரல் இருக்கு."

கடை முதலாளி விரலை எடுத்தோம். வேலைக்காரர்கள் விரலை எடுத்தோம். கூட்டிப் பெருக்குகிற அம்மா விரலைக்கூட எடுத்து, இது வீட்டு ரேகை, இது வெளி ரேகை என்று பிரித்தோம். எங்க விரலை எவன் எடுத்தான்? ஊர் விரலையெல்லாம் பிடிச்சவன் விரல் எந்த அட்டையிலயும் இல்ல. எப்படி இருக்கும்? நாம என்ன திருடனா?

மார்ச் 19, வியாழன்

பூட்டுக் கடையில் சீல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். காலுக்கு நல்லது.

மார்ச் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். காலைச் சாப்பாட்டின்போது.

"அந்தக் கட்டைவிரல் என்னுது."

அக்கா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வாரம் திருடனைக் கண்டுபிடிச்சது நீ. இந்த வாரம் திருடனே நீயா?"

"நிஜமா சொல்றேன்க்கா."

"நீ நிஜமா சொல்லி நான் கேட்டதில்லையே தம்பி, அடையாளம் தெரியல." அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மகளுக்குப் புரையேறிவிட்டது.

எனக்குக் கோபம் வந்து நேரே பிரிவுக்கே போனேன். இஸ்திரி நின்றுகொண்டே கேட்டான். முழுக்கக்கூடக் கேட்கவில்லை. "பெரியவரே, மேடையில நாற்காலி போட்டாச்சு. பத்திரிகையிலயும் வந்தாச்சு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? நிபுணர்கள் ரெண்டு பேர் பாத்துக் கையெழுத்துப் போட்டது அது." காவலாளை விட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

இத்தனை வருடம் புளுகினேன், ஒரு பயல் மறுத்ததில்லை. ஒரு நாள் உண்மை சொன்னால் டீ வாங்கிக் கொடுக்கிறார்கள்.

வரும் வழியில் பூட்டுக் கடை வழியாகவே வந்தேன். கதவுக்கு வெளியே, கொடுக்கவேண்டிய சாவிகள் கம்பியில் கோத்தபடி அப்படியே தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் அடையாளச் சீட்டு. ஒன்றில் 'மைக்கூடு' என்று எழுதியிருக்கிறது. எனக்கு மாற்றுச்சாவி செய்து வைத்திருக்கிறார். நான் கேட்கவே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா மகளைத் தனியாகக் கூப்பிட்டேன். மாடிப்படியில் உட்கார வைத்தேன். கதை மாதிரி சொல்லக்கூடாது என்று முடிவுசெய்துகொண்டேன். கையை ஆட்டவில்லை.

"நான் சொல்றத நம்ப வேண்டாம். நாளைக்கு அந்த அசல் அட்டையை எடு. கணினியில இல்ல, அட்டையை. இடது கட்டைவிரல் கட்டத்தோட ஓரத்தை நகத்தால தடவிப் பாரு. அப்புறம் கீழ் வரிசையைப் பாரு."

பத்துவிரல் அட்டையில் மேலே பத்துக் கட்டம்; ஒவ்வொரு விரலாக உருட்டியது. கீழே எல்லா விரலையும் மொத்தமாக வைத்து அழுத்தியது. மேலே விரல் இடம் மாறியிருந்தால் கீழ் வரிசை காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் அந்த வரிசையே இருக்கிறது. முப்பத்தொரு வருடத்தில் அதைப் பார்த்தவன் ஒருவன் இல்லை. இயந்திரமும் மேல் வரிசையை மட்டும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டிருக்கிறது. அட்டைதான் இருக்கிறதே என்று, பிடித்த ஆளின் விரலைப் புதிதாக எடுத்துப் பார்க்கவும் இல்லை. ரெண்டு நிபுணர்கள், ரெண்டு கையெழுத்து! கண் இருந்ததா அவர்களுக்கு?

எனக்கு இருந்ததா என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

பதினொன்றே காலுக்குப் போன் வந்தது.

"மாமா." அட்டையை நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. "துண்டு ஒட்டியிருக்கு. கீழ இருக்கிற கட்டைவிரல் சுழி இல்ல, வளையம்."

"சிரிக்கலையா?"

"இல்ல மாமா."

மார்ச் 24, செவ்வாய்

என் விரல்களை எடுத்தார்கள்.

அதே அறை. அதே கண்ணாடிப் பலகை. ரோலர்தான் புதிது, ரப்பர் மட்டம். இஸ்திரி சுவரோரம் நின்றான். முதல் தடவையாக அவன் சட்டையில் கசங்கல். அக்கா மகள் என் விரலைப் பிடித்தாள். என்னையறியாமல் நானே உருட்டப் போனேன்.

"கையைத் தளர்த்துங்க. நீங்க அழுத்தாதீங்க, நான் உருட்டறேன். வேற எங்கயாவது பாருங்க."

ஒவ்வொருவரிடமும் நான் சொன்ன அதே வார்த்தை. அப்போது எனக்குத் தெரியாது, விரலை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு வேறெங்காவது பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று. பூட்டுக்காரர் ஏன் சிரித்துக்கொண்டே இருந்தார் என்று இப்போது புரிகிறது.

மை அதிகம், ஓரம் சரியாக வரவில்லை. சொன்னேன். "கீழ் வரிசையையும் மறக்காம எடு" என்றும் சொன்னேன்.

வாக்குமூலம் எழுதினார்கள். மொத்தம் எத்தனை பேருக்கு ரேகை எடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி. ஒரு லட்சம் என்று வாய் போனது. பதிவேட்டை எடுத்து வந்து கூட்டினார்கள். பதினோராயிரத்து நானூற்று ஆறு. அவ்வளவுதானா? அத்தனையையும் எடுத்து, ஒட்டுத்துண்டு இருக்கிறதா என்று மறுபடி பார்க்கப்போகிறார்களாம். இஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில், அத்தனை அட்டையையும் என் முதுகில் ஏற்றிவிட்டான்.

தழும்பு எப்படி வந்தது என்றும் ஒரு கட்டம் இருந்தது. மை டப்பா மூடி என்று எழுதச் சொன்னேன். அக்கா மகள் நிமிர்ந்து பார்த்தாள். கத்திக் கதையைக் கேட்டுத்தான் சின்ன வயதில் அவள் சோறு சாப்பிடுவாள்.

ஏப்ரல் 2, வியாழன்

திறப்பு விழா நாற்காலி ரத்து. விசாரணைக் கடிதம் ஒன்று, நான்கு பக்கம். அதில் மட்டும் என் பெயர் பன்னிரண்டு இடத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

பூட்டுக்காரர் நேற்று வெளியே வந்துவிட்டார். முப்பத்து நான்கு நாள். இன்று வாசலில் வந்து நின்றார். கதவைத் திறக்க நான் உள்ளேயிருந்து இழுத்தேன், அவர் வெளியிலிருந்து தோளைக் கொடுத்தார். திறந்தது.

பேச நிறைய யோசித்து வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"காட்டுங்க" என்றார்.

இடது கையை நீட்டினேன். கட்டைவிரலை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, சாவியின் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதுதானா?"

"இதுதான்."

"என் வீட்டுக்காரி உங்க வாசல்ல நின்னப்ப, விரல் பொய் சொல்லாதுன்னீங்களாமே."

"ஆமா."

"சொல்லலையே. சரியாத்தான் சொல்லியிருக்கு." விரலை விட்டுவிட்டார். சட்டைப் பையிலிருந்து சீட்டுக் கட்டிய மாற்றுச்சாவியை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். அக்காவின் செருப்பையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். "பூட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

வரும்போது சிரிக்கவில்லை, போகும்போதும் சிரிக்கவில்லை.

ஜூன் 6, சனி

கண்காட்சிக்குப் போனேன். மேடை, மாலை, அழைப்பு ஒன்றும் இல்லை. பொதுவரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். எலும்பை அளக்கும் இடுக்கி, துரையின் ஒப்பந்தத்துக்கு ஒரு நகல், அட்டை அலமாரி. சுவர் எழுத்தில், ஆளை விடுவித்த மருத்துவரின் பத்தி இருக்கிறது. நான் அடித்ததை அவள் மதிக்கவில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள்.

கடைசிச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு ரேகை. சாய்ந்த சுழி, கொக்கித் தழும்பு. கீழே நான்கு வரி: சம்பவ இடத்துக்குப் போகும் ஊழியர்கள் தங்கள் விரல்களையும் முன்கூட்டியே பதிய வேண்டும், அட்டையின் கீழ் வரிசையை ஒப்பிடாமல் யார்மீதும் முடிவு சொல்லக்கூடாது என்ற விதிகள் இந்த விரலால் வந்தன. ஆக, வரலாற்றில் ஏறிவிட்டேன். பெயர் போடவில்லை. நானாக இருந்தால் ஓரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டியிருப்பேன்.

பக்கத்தில் ஒரு டீச்சர் அம்மா, எழுத்தைப் படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "யாரோட விரலா இருக்கும் சார் இது?"

"என்னோடதுதாம்மா."

அந்த அம்மா சிரித்தார். "நல்லா பேசறீங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கூப்பிட்டு விரலைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைத் தோளால் இடித்துத் திறந்து, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.